பேசிக்கொண்டால் மனச்சோர்வு போய்விடுமா? கறுப்பினப் பெண்களின் கதை வட்டங்களைப் பற்றி

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் தங்கள் மனச்சோர்வைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் குழுக்கள், பாட்காஸ்ட்கள், புத்தகங்கள் எல்லாம் பெருகிவிட்டன. டிப்ரஷன் ஒரு நோய். டாக்டரும் மாத்திரையும் இருக்கும்போது கதை கேட்டு என்ன ஆகப்போகிறது? அதிலும் இவர்களுக்கு மட்டும் ஏன் தனிக் குழு?"

கதை மாத்திரைக்கு மாற்று கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தப் பெண்களில் பலர் டாக்டரிடம் போய்ச் சேராமல் இருப்பதற்குக் காரணம், தனக்கு இருப்பது ஒரு நோய் என்றே அவர்களுக்குத் தோன்றாததுதான். தன்னைப் போலவே வளர்ந்த, தன்னைப் போலவே பேசுகிற இன்னொருத்தி "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்லிக் கேட்கும்போதுதான் அது உறைக்கிறது. சிகிச்சை தொடங்குவதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை அது. அதை ஆஸ்பத்திரியால் செய்ய முடியவில்லை, கதையால் முடிகிறது.

கொஞ்சம் எண்களைப் பார்த்துவிடலாம். மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஜாக்சன் தலைமையில் 2001 முதல் 2003 வரை கறுப்பின அமெரிக்கர்களிடையே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வாழ்நாளில் எப்போதாவது தீவிர மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் வெள்ளையரில் 17.9 சதவீதம், ஆப்பிரிக்க அமெரிக்கரில் 10.4, கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத்தவரில் 12.9 என்று அதில் தெரிந்தது. இதோடு நிறுத்தினால் 'அப்போ இவர்களுக்குக் குறைவுதானே' என்று தோன்றும். அடுத்த எண்ணைப் பாருங்கள். வந்த மனச்சோர்வு போகாமல் நீடித்தது வெள்ளையரில் 38.6 சதவீதம் பேருக்கு, ஆப்பிரிக்க அமெரிக்கரில் 56.5 சதவீதம் பேருக்கு. இவ்வளவுக்கும் பிறகு, பாதிக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கரில் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றவர்கள் பாதிக்கும் குறைவு. இது ஆண், பெண் இரு பாலரும் சேர்ந்த கணக்கு. பெண்களுக்கு மட்டும் என்று எடுத்தால், நியூ ஜெர்சியில் அரசு மருத்துவ உதவி பெற்ற தாய்மார்களைப் பற்றி 2011-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் மனநலச் சிகிச்சை தொடங்கியவர்கள் வெள்ளையரில் 9 சதவீதம், கறுப்பினத் தாய்மாரில் 4 சதவீதம். இரண்டு பக்கமும் ஏழைத் தாய்மார்கள்தான், இரண்டு பேருக்கும் ஒரே காப்பீடுதான் என்பதைக் கவனியுங்கள். பணம் மட்டும் காரணம் இல்லை.

வேறென்ன காரணம்? அங்கே 'ஸ்ட்ராங் பிளாக் உமன்' என்றொரு பட்டம் உண்டு. எதையும் தாங்குவாள், அழ மாட்டாள், யாரிடமும் கை நீட்ட மாட்டாள், வீட்டையும் தெருவையும் தேவாலயத்தையும் தோளில் சுமப்பாள். பாராட்டு மாதிரிதான் இருக்கும். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் செவிலியர் துறைப் பேராசிரியர் ஷெரில் வூட்ஸ் ஜிஸ்கோம்பே, 48 ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களைக் குழுக்களாக உட்கார வைத்துப் பேசவிட்டு 2010-இல் இதை ஆராய்ந்து எழுதினார். வலிமையைக் காட்டியே ஆக வேண்டும், உணர்ச்சிகளை அடக்க வேண்டும், யாரையும் சார்ந்திருக்கக் கூடாது, கையில் வசதி இல்லாவிட்டாலும் ஜெயித்தாக வேண்டும், தன்னைவிட மற்றவர்களைக் கவனிக்க வேண்டும் என்ற ஐந்து கட்டாயங்கள் அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தன. 'சூப்பர்உமன் ஸ்கீமா' என்று அதற்குப் பெயர் வைத்தார். எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் பட்டது, அந்தப் பெண்கள் இதை வெறும் சுமையாகச் சொல்லவில்லை என்பது. இப்படி இருந்ததால்தான் நானும் பிழைத்தேன், என் குடும்பமும் பிழைத்தது என்றும் சொன்னார்கள். காப்பாற்றிய ஒன்றை விட்டுவிடு என்று யாரோ ஒரு டாக்டர் சொன்னால் கேட்பார்களா?

இதற்குப் பின்னால் பழைய வரலாறு இருக்கிறது. 1840-களில் அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர், அனார்கா, லூசி, பெட்ஸி போன்ற அடிமைப் பெண்களுக்கு மயக்க மருந்து கொடுக்காமலே திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை செய்து பார்த்தார். 'நவீன மகளிர் நோய் மருத்துவத்தின் தந்தை' என்று அவருக்குச் சிலை வைத்தார்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அந்தச் சிலையை 2018-இல்தான் எடுத்தார்கள். 1851-இல் லூசியானாவைச் சேர்ந்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர், அடிமை தப்பி ஓடுவதே ஒரு மனநோய் என்று எழுதி அதற்கு ஒரு கிரேக்கப் பெயரும் சூட்டினார். சரி, அதெல்லாம் பழைய கதை என்கிறீர்களா? 2016-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளைக்கார மருத்துவ மாணவர்களையும் பயிற்சி டாக்டர்களையும் கேட்டுப் பார்த்தபோது, கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்யான நம்பிக்கை ஒன்றாவது சுமார் பாதிப் பேரிடம் இருந்தது. இவளுக்கு வலிக்காது என்று ஊரே நினைக்கிறது. வலிப்பதாகச் சொல்லக் கூடாது என்று அவளும் பழகியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்கே போனாலும் அங்கே நீட்டும் கேள்வித்தாள் இவளை எளிதாகத் தவறவிடும். "சோகமாக இருக்கிறீர்களா? நம்பிக்கையே இல்லாததுபோல் இருக்கிறதா?" என்று தொடங்கும். இவள் உண்மையாகவே "அப்படி ஒன்றும் இல்லை" என்பாள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்லூரி ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வின் அறிகுறிகள் கொண்ட கறுப்பினப் பெண்களிடம் சோகத்தைவிட வேறு சில விஷயங்கள் அதிகம் தென்பட்டன. தூக்கம் வராதது, எதிலும் சந்தோஷம் இல்லாதது, எடுத்ததற்கெல்லாம் எரிச்சல், எல்லாவற்றுக்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது. இந்த எரிச்சல்தான் ரொம்ப மோசமான இடம். 'கோபக்காரக் கறுப்பி' என்ற இன்னொரு பட்டம் ஏற்கனவே தயாராக இருக்கிறதே. ஆபீஸில் அவள் எரிந்து விழுந்தால் "உடம்பு சரியில்லையா" என்று யாரும் கேட்க மாட்டார்கள், "இவள் குணமே இப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள். அவளும் அதையே நம்பத் தொடங்கிவிடுகிறாள். இந்த நிலையில் இருப்பவளிடம் இன்னொரு பெண், "மூன்று மாதம் பிள்ளைகள் மேல் கத்திக்கொண்டே இருந்தேன், அப்புறம்தான் தெரிந்தது அது டிப்ரஷன் என்று" எனச் சொன்னால், எந்தக் கேள்வித்தாளும் செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்துவிடும்.

இதைச் சரியாகப் பிடித்தவர் பில்லி ஏவரி. 1970-இல் அவருடைய கணவர் 33 வயதில் மாரடைப்பில் இறந்தார். அதற்குப் பிறகுதான் ஏவரி உடல்நல வேலைக்கு வந்தார். ஃப்ளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் பெண்களுக்கான மருத்துவ மையம் ஒன்றையும் ஒரு பிரசவ இல்லத்தையும் மற்ற பெண்களோடு சேர்ந்து தொடங்கினார். பிறகு அங்கே ஒரு கல்லூரியில் பயிற்சித் திட்டத்தில் வேலை பார்த்தபோது, இளம் கறுப்பினப் பெண்கள் வகுப்புக்கு ஒழுங்காக வராததைக் கவனித்தார். பேசிப் பார்த்தால் ஒவ்வொருத்திக்கும் இளம் வயதிலேயே பிள்ளைகள், உடம்பில் ஏதாவது ஒரு நோய், வீட்டில் ஒரு போராட்டம். அந்தச் சமயத்தில்தான் ஒரு தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின் தகவல் அவர் கண்ணில் பட்டது. 18 முதல் 25 வயது வரையுள்ள கறுப்பினப் பெண்கள், மனநோய் இருப்பதாக டாக்டர்களே சொல்லிவிட்ட அதே வயது வெள்ளைக்காரப் பெண்களைவிட, தாங்கள் அதிக மன வேதனையில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இவர்கள் யாரும் நோயாளிகள் பட்டியலில் இல்லை, தினமும் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்.

1983 ஜூனில் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் கறுப்பினப் பெண்களின் உடல்நலத்துக்கென்றே முதல் தேசிய மாநாட்டை ஏவரியும் தோழிகளும் கூட்டினார்கள். ஏறத்தாழ 2,000 பேர் வந்தார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, பிரசவம் என்று எத்தனையோ அமர்வுகள் இருந்தும், எல்லோரும் இன்றைக்கும் நினைவுகூர்வது லில்லி ஆலன் நடத்திய பட்டறையைத்தான். கறுப்பினத்தவளாகவும் பெண்ணாகவும் வாழ்வது உண்மையில் எப்படி இருக்கிறது என்பதுதான் அங்கே எடுத்துக்கொண்ட விஷயம். வெளியே சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததையெல்லாம் பெண்கள் அங்கே சொன்னார்கள். அதிலிருந்து நாடு முழுக்கச் சுயஉதவிக் குழுக்கள் முளைத்தன. தேசியக் கறுப்பினப் பெண்கள் உடல்நலத் திட்டம் என்ற அமைப்பும் உருவானது. குழந்தை இறப்பு, சிறுவயதுக் கர்ப்பம் என்று உடல்நலத் துறை போட்டு வைத்திருந்த தலைப்புகளோடுதான் ஏவரி இந்தக் குழுக்களுக்குப் போயிருக்கிறார். பெண்களோ முதலில் பேசியது வன்முறையைப் பற்றி. அடி, உதை, சிறுவயதில் சொந்த வீட்டுக்குள்ளேயே நடந்த பாலியல் கொடுமை. கதை கேட்பது வெறும் ஆறுதல் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நோய்க்கான காரணமே அங்கேதான் முதல்முறையாக வெளியே வந்தது. எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் இருந்திருக்கவில்லை.

புத்தகம் என்று எடுத்துக்கொண்டால் கானாவில் பிறந்து ஆறு வயதில் அமெரிக்கா வந்த மேரி நானா அமா டான்குவா 1998-இல் வெளியிட்ட தன்வரலாறு ஒரு திருப்பம். அதுவரை மனச்சோர்வைப் பற்றிப் பேர் வாங்கிய தன்வரலாறுகள் பெரும்பாலும் வெள்ளையர்கள் எழுதியவை. தனியாகப் பிள்ளை வளர்த்துக்கொண்டு, வாடகைக்கும் வேலைக்கும் அல்லாடிக்கொண்டு, கூடவே மனச்சோர்வையும் சுமந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் கதை படிக்கக் கிடைத்ததே இல்லை. இப்படியொரு புத்தகம் எழுதுகிறேன் என்று சொன்னபோது, கறுப்பினப் பெண் என்றாலே அதுதானே, இதில் தனியாக எழுத என்ன இருக்கிறது என்கிற தொனியில் ஒருவர் சிரித்ததை அவரே அதில் எழுதியிருக்கிறார். அந்தச் சிரிப்பு ஒன்று போதும், ஏன் யாரும் வாய் திறக்கவில்லை என்பது புரிய. கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, தன்னிடம் படித்த கறுப்பின மாணவிகளோடு நடத்திய குழு அனுபவத்திலிருந்து ஒரு நூல் எழுதியிருந்தார். அது விடுதலை பெறுவது எப்படி என்று சிந்திக்கிற நூல். டான்குவாவுடையது, காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாதவளின் நூல்.

சர்ச் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. கறுப்பின அமெரிக்கர்களுக்கு சர்ச் என்பது கோவில், ஊர்ப் பொதுச்சபை, அவசரத்துக்குக் கடன் தரும் இடம் எல்லாம் சேர்ந்தது. மனச்சோர்வோடு இருக்கும் பெண்ணுக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைப்பதும் அங்கிருந்து வருபவர்கள்தான், "ஜெபம் பண்ணு, போய்விடும். மாத்திரை எடுத்தால் உனக்கு விசுவாசம் இல்லை என்று அர்த்தம்" என்று சொல்வதும் பல சமயம் அவர்களேதான். சாட்சி சொல்லும் வழக்கம் அங்கே ரொம்பப் பழையது. எழுந்து நின்று, எனக்கு இப்படி நடந்தது, கர்த்தர் என்னைத் தூக்கிவிட்டார் என்று சபைக்குச் சொல்வது. கதை வட்டங்களின் வேர் இதில் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு வித்தியாசம் உண்டு. சாட்சியை ஜெயித்த பிறகுதான் சொல்ல முடியும். இன்னும் பள்ளத்தில் கிடப்பவளுக்கு அங்கே சொல்ல ஒன்றும் இல்லை. "இன்றைக்கும் எழுந்திருக்கவில்லை, தலைகூட வாரவில்லை" என்பதையும் ஒரு கதையாக ஏற்றுக்கொள்வதுதான் இந்தக் குழுக்கள் புதிதாகச் செய்தது.

தலை வாருவது என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. முடியைச் சின்னச் சின்னப் பின்னல்களாகப் பின்னிக்கொள்ள சலூனில் ஐந்து ஆறு மணி நேரம் உட்கார வேண்டும். ஒருத்தியின் கை இன்னொருத்தியின் தலையில், முகத்துக்கு முகம் பார்க்காமல், ஒரு முழுப் பகல். இப்படிக் கிடைக்கிற பேச்சு தெரபிஸ்ட்டின் ஐம்பது நிமிடத்தில் கிடைக்குமா? வாஷிங்டனைச் சேர்ந்த உளவியலாளர் அஃபியா எம்பிலிஷாகா இதைப் பயன்படுத்தி 'சைக்கோஹேராபி' என்று ஒரு முறையை உருவாக்கினார். முடி அலங்காரம் செய்பவர்களுக்கு, எப்படிக் காது கொடுப்பது, எந்த அறிகுறி தெரிந்தால் நிபுணரிடம் அனுப்புவது என்று பயிற்சி தருகிறார்கள். சலூன்காரப் பெண் டாக்டராகிவிடுவதில்லை. யாரை எங்கே அனுப்ப வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அவள் சொன்னால் கேட்பார்கள்.

ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். நல்ல ஆதாரம் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் வேலை தொடங்கியபோது அவருக்குக் கொடுக்கப்பட்டவர்கள் 14 பாட்டிகள். ஏற்கனவே ஊரில் சுகாதாரத் தொண்டு செய்துகொண்டிருந்தவர்கள். கிளினிக்குக்குள் இடம் இல்லை, வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டார்கள். 'மனநல பெஞ்சு' என்று பெயர் வைத்தால் ஒருத்தரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று பாட்டிகள் சொன்னதால் அது 'நட்பு பெஞ்சு' ஆனது. பாட்டி முதலில் கதையைக் கேட்பார், பிறகு பல பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்து அதற்கு என்ன செய்யலாம் என்று வந்தவரையே யோசிக்க வைப்பார். 573 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. ஆறு மாதத்துக்குப் பிறகு, பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் மனச்சோர்வு இருந்தது சுமார் 14 சதவீதம் பேருக்கு. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 50 சதவீதம் பேருக்கு. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

பெஞ்சோடு அது முடிவதும் இல்லை. பேசி முடித்த பெண்கள் அதற்குப் பிறகு ஒரு குழுவாகக் கூடுகிறார்கள். வட்டமாக உட்கார்ந்து, பழைய பிளாஸ்டிக்கை இழையாக்கிக் கொக்கி ஊசியால் பை பின்னுகிறார்கள். கை வேலை பார்க்கும், வாய் கதை சொல்லும். பின்னிய பையை விற்றால் காசு. இந்தக் காசு விஷயத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். வாடகை கட்ட முடியாமல் வந்த மனச்சோர்வைப் பேச்சால் மட்டும் எவ்வளவு தூரம் தள்ள முடியும்? நட்பு பெஞ்சு இப்போது அமெரிக்காவுக்கும் போயிருக்கிறது, நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவிலேயே, ஓஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியரான ஏஞ்சலா நீல் பார்னெட் 'சிஸ்டர் சர்க்கிள்' முறையை, அதாவது பெண்கள் சகோதரிகளைப் போல ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் குழுவை, பதற்றத்துக்கான சிகிச்சையோடு இணைத்தார். அவர் செய்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். மனதுக்குள் ஓயாமல் ஓடும் "நீ எதற்கும் லாயக்கில்லை" போன்ற வரிக்கு எதிராக, ஒவ்வொரு பெண்ணும் தனக்கென்று ஒரு பாட்டு உருவாக்கிக்கொள்வாள். அந்த வரி தலைதூக்கும்போதெல்லாம் பாட்டு. கேட்க விளையாட்டாக இருக்கும். எண்ணத்தை இடைமறித்து மாற்றும் அறிவாற்றல் சிகிச்சைதான் அது, அந்தப் பெண்களுக்குப் பழக்கமான வடிவில்.

இனி ஆபத்துகள். கதை பகிர்வதெல்லாம் நல்லது என்று சொல்லிவிட முடியாது. நடத்துபவருக்குப் பயிற்சி இல்லாவிட்டால் ஒருத்தியின் பழைய காயம் எல்லோர் மேலும் கொட்டி, கேட்டவர்கள் அன்று இரவு தூங்காமல் கிடப்பார்கள். ஒரே துயரத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிவரும் குழு மனச்சோர்வை அதிகமாக்கவும் கூடும். பிரபலங்களின் கதைகளில் வேறு சிக்கல். அவை பெரும்பாலும் "விழுந்தேன், எழுந்தேன்" என்று முடிகின்றன, கேட்பவள் எழுந்திருக்காவிட்டால் அதுவும் தன் தவறு என்று நினைத்துக்கொள்வாள். இன்னொன்று, நன்றாகச் சிரித்துப் பேசுபவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2019-இன் மிஸ் யுஎஸ்ஏ செஸ்லி கிரிஸ்ட் வழக்கறிஞராகவும் தொலைக்காட்சி நிருபராகவும் இருந்தவர். மற்றவர்களின் மனநலத்துக்காக வெளிப்படையாகப் பேசியவர். 2022 ஜனவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மகள் தன் மனச்சோர்வை எல்லோரிடமிருந்தும், இறப்பதற்குச் சற்று முன்பு வரை தன்னிடமிருந்தும்கூட மறைத்திருந்தாள் என்று அவருடைய தாய் பிறகு சொன்னார். பொதுவில் பேசுவது வேறு, தன்னுடையதைச் சொல்வது வேறு. தற்கொலை எண்ணம், பல நாள் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பது, இல்லாத குரல் கேட்பது என்று வந்துவிட்டால் குழு போதாது. உடனே டாக்டர்தான்.

தனிக் குழு ஏன் என்று கேட்டீர்கள். எல்லோரும் கலந்த குழுவில் இந்தப் பெண் முதல் அரை மணி நேரத்தை, தனக்கு நடந்தது இனவெறிதான் என்று நிரூபிப்பதிலேயே செலவழிக்க வேண்டியிருக்கும். "அவர் வேறு அர்த்தத்தில் சொல்லியிருப்பார்" என்று யாராவது ஒருவர் சொல்லத்தான் செய்வார். தன் கோபம் கேட்பவரைப் பயமுறுத்துகிறதா என்று வேறு பார்த்துக்கொண்டே பேச வேண்டும். தன் இனத்துக்குள் இருக்கும் ஆணின் வன்முறையைச் சொன்னால், அது மொத்தச் சமூகத்துக்கும் கெட்ட பெயராகிவிடுமோ என்ற தயக்கமும் உண்டு. தங்களுக்குள் பேசும்போது இந்த மூன்று கவலையும் இல்லை. தெரபிஸ்ட் விஷயத்திலும் இதே கதைதான். அமெரிக்க உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருக்கிறார்கள், தன்னைப் போன்ற ஒருவரைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலை.

அந்தத் தேடலுக்காகவே அட்லாண்டாவின் உளவியலாளர் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் 2014-இல் 'தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்' என்ற இணையதளத்தைத் தொடங்கினார். பாட்காஸ்ட் கேட்டு மனம் இளகியவள் அதே இடத்திலேயே தன் ஊர் தெரபிஸ்ட்டின் பெயரைத் தேடிக்கொள்ளலாம் என்பதால் கதையும் சிகிச்சையும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு, 2018-இல் ஒரு பிறந்தநாள் நிதி திரட்டலில் தொடங்கிய லவ்லேண்ட் ஃபவுண்டேஷன் சில அமர்வுகளுக்கான பணத்தைத் தருகிறது. விண்ணப்பங்களை வருடம் முழுக்க ஏற்பதில்லை, திறக்கும் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கேட்பது அங்கே இருக்கும் ஒரு தோழிக்காக என்றால் இந்த இரண்டு பெயரையும் அவளுக்கு அனுப்புங்கள். நிலைமை அவசரமாகத் தெரிந்தால் அமெரிக்காவுக்குள் எந்த போனிலிருந்தும் 988 என்ற மனநெருக்கடி உதவி எண்ணை அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். பகல் இரவு எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.